மூக்கடைப்பும் உறக்கத்தில் நிற்கும் மூச்சும்

மார்கழி மாதம். கமண்டல நாகநதிப் பக்கமிருந்து பனி இறங்கி ஆரணியின் தெரு விளக்குகள் மங்கிக் கிடக்கின்றன. மணி நான்கு. இன்னும் சிறிது நேரத்தில் தெருவில் பாவு நீட்டத் தொடங்கிவிடுவார்கள்; தறிகளின் ஓசை வீட்டுக்கு வீடு எழும். இப்போதைக்குத் தெருவில் கேட்பது ஒரே ஓர் ஓசைதான். அது எங்கள் பெரியப்பாவின் குறட்டை.

சிறு வயதில் அந்தக் குறட்டை எங்களுக்கு ஒரு வேடிக்கை. படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் குறட்டை திடீரென்று நின்றுவிடும். திண்ணையில் படுத்திருக்கும் பிள்ளைகள் நாங்கள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணத் தொடங்குவோம். சில இரவுகளில் இருபதைத் தாண்டியும் எண்ண நேரும். பிறகு பெரியதொரு செருமலோடு மூச்சு வெடித்துக் கிளம்பும். குறட்டை மறுபடியும் தொடங்கும். “உழைச்ச உடம்பு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறார்” என்பார் பெரியம்மா. நாங்களும் அதை நம்பினோம்.

நாங்கள் விளையாட்டாக எண்ணியது, ஒரு மனிதர் மூச்சில்லாமல் கிடந்த விநாடிகளை என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. பனிக்காலத்தில் பெரியப்பாவுக்கு மூக்கு அடைத்துக்கொண்டால் அந்த விநாடிகள் ஏன் நீண்டன என்பது விளங்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் நடப்பதில் பெரும்பகுதி நம் பாடப்புத்தகத்தில் உள்ள இயற்பியலே. அதைத்தான் இக்கட்டுரையில் காண்போம்.

எலும்பில்லாத குழல்

நாம் இழுக்கும் காற்று மூக்கு வழியாகப் புகுந்து, தொண்டை வழியாக இறங்கி, மூச்சுக்குழலை அடைந்து, நுரையீரலுக்குப் போகிறது. இவ்வழியில் மூக்குக்கு எலும்பும் குருத்தெலும்பும் சட்டமாக அமைந்துள்ளன. மூச்சுக்குழலுக்குக் குருத்தெலும்பு வளையங்கள் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொண்டைப் பகுதிக்கு மட்டும் அப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. உண்ணவும் பேசவும் அது வளைந்து கொடுக்க வேண்டுமல்லவா? ஆகவே அது தசைகளால் மட்டுமே ஆன மெத்தென்ற குழலாக அமைந்துவிட்டது.

விழித்திருக்கும்போது தசைகள் இறுக்கமாக இருந்து இக்குழலைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. நாக்கும் பின்னோக்கிச் சரிகிறது. வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று விரைந்து பாயும்போது தளர்ந்த திசுக்கள், காற்றில் படபடக்கும் கொடித்துணியைப் போல அதிர்கின்றன. அந்த அதிர்வே குறட்டை. வழி இன்னும் குறுகி முற்றிலும் மூடிக்கொண்டால் குறட்டையும் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். மார்பு எழுந்து தாழ்ந்து காற்றை இழுக்க முயலும். காற்று மட்டும் உள்ளே போகாது.

இப்படி 10 விநாடியோ அதற்கு மேலோ காற்றோட்டம் நின்றால் அதை ஒரு மூச்சுத்தடை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். முழுவதும் நிற்காமல் பெரிதும் குறைந்துபோகும் தடவைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேர உறக்கத்தில் இவை 5 முதல் 15 வரை நேர்ந்தால் நோய் இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30க்கு மேற்பட்டால் கடுமையானது. இதுவே ஸ்லீப் ஆப்னியா. தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம்.

மூச்சு நின்றதும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. கரியமில வாயு கூடுகிறது. மூளை எச்சரிக்கை அடைந்து உறங்குபவரை ஒரு கணம் தட்டி எழுப்புகிறது. தசை இறுகுகிறது, வழி திறக்கிறது, பெரிய செருமல் கேட்கிறது. உறங்குபவருக்கு இது எதுவும் நினைவில் நிற்பதில்லை. இரவில் நூறு முறை எழுந்திருந்தாலும் ‘நன்றாகத் தூங்கினேன்’ என்பார். ஆனால் பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகும். காலையில் தலைவலிக்கும். நாளடைவில் இரத்த அழுத்தம் ஏறும், இதயத்துடிப்பு சீர்கெடலாம், பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடும்.

இது அரிய நோயன்று. மும்பையில் 35 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களிடம் நடத்தி 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு, நூற்றுக்கு ஏழரைப் பேருக்குப் பகல் தூக்கத்தோடு கூடிய இந்நோய் இருப்பதாகக் கண்டது. இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் உறக்க மூச்சுத்தடையும் ஒன்று. நம் நாட்டில் பலர் இந்நோயின் பெயரைச் செய்தித்தாளில் முதன்முதலாகப் படித்தது அப்போதுதான்.

முதல் தடை மூக்கு

தொண்டை மூடிக்கொள்வதற்கும் மூக்கு அடைப்பதற்கும் என்ன தொடர்பு? இரண்டும் வெவ்வேறு இடங்கள் அல்லவா? இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது.

மின்சுற்றில் இரண்டு மின்தடைகளைத் தொடராக இணைத்தால் என்ன ஆகும் என்பது பள்ளி மாணவர்களுக்கும் தெரியும். இரண்டிலும் பாயும் மின்னோட்டம் ஒன்றே. முதல் தடை கூடினால், அதைக் கடக்கும்போது ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சியும் கூடும். காற்றுக்கும் இதே கணக்குத்தான். மின்னோட்டத்துக்குப் பதில் காற்றோட்டம். மின்னழுத்தத்துக்குப் பதில் காற்றழுத்தம். மூக்கும் தொண்டையும் தொடராக இணைந்த இரு தடைகள். நாம் மூச்சுவிடும் வழி முழுவதிலும் உள்ள தடையில் பாதிக்கு மேல் மூக்கிலேயே இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

இப்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இளநீர்க் கடையில் தரும் காகித உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியை மட்டும் நீரில் நனைத்து நைந்துபோகச் செய்யுங்கள். முதலில் அடிமுனையைத் திறந்து வைத்தபடி காற்றை உறிஞ்சுங்கள். காற்று எளிதில் வரும். அடுத்து, அடிமுனையை விரலால் ஏறக்குறைய மூடிவிட்டு அதே வேகத்தில் உறிஞ்சுங்கள். நனைந்த நடுப்பகுதி சப்பென்று ஒட்டிக்கொள்ளும். நீங்கள் மூடியது ஒரு முனையை, ஒட்டிக்கொண்டதோ நடுப்பகுதி. அடிமுனைதான் மூக்கு, நனைந்த பகுதிதான் தொண்டை, உறிஞ்சும் உங்கள் வாய்தான் நுரையீரல்.

காரணம் எளிது. முன்னால் தடை கூடியபோது, அதே அளவு காற்றைப் பெறுவதற்கு நீங்கள் அதிக வலிமையோடு உறிஞ்ச வேண்டியதாயிற்று. அதனால் குழலினுள் அழுத்தம் குறைந்தது. வெளியிலிருந்த வளிமண்டல அழுத்தம் மெத்தென்ற பகுதியை நசுக்கிவிட்டது.

எவ்வளவு குறையும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். இவ்வளவு சிறிய அழுத்தங்களை அளக்க, ‘இத்தனை செ.மீ. உயர நீர்’ என்ற அளவை மருத்துவர்கள் கையாளுகிறார்கள். அமைதியாக மூச்சு இழுக்கும்போது, திறந்த மூக்கைக் கடந்து வரும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 செ.மீ. நீர் அளவு குறைகிறது என்று கொள்வோம். மூக்கின் தடை ஐந்து மடங்கானால், அதே காற்றோட்டத்துக்கு 5 செ.மீ. குறையும்.

ஐந்து மடங்காகும் அளவுக்கு மூக்கு அடைக்குமா? அடைக்கும். குழலின் தடை அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று பிரெஞ்சு நாட்டுப் புவாசேய் 19ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தார். அவரும் மருத்துவம் படித்தவரே. அவர் விதிப்படி, ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே தடை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். பாதியாகக் குறைந்தால் 16 மடங்காகும். மூக்கு வட்டக் குழல் அன்று. அதில் காற்று சுழித்தும் செல்கிறது. எனவே இவ்விதியை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சிறிய வீக்கம் பெரிய தடையை உண்டாக்கும் என்ற செய்தி மாறுவதில்லை.

யார் தொண்டை எப்போது மூடும்?

அப்படியானால் சளி பிடித்த எல்லாருக்கும் உறக்கத்தில் மூச்சு நிற்க வேண்டுமே? நிற்பதில்லை. ஏன்?

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உறங்குபவர்களின் தொண்டை எந்த அழுத்தத்தில் மூடிக்கொள்கிறது என்று அளந்தார்கள். நலமானவர்களின் தொண்டை, வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ 10 செ.மீ. நீர் அளவு கீழே போனாலும் மூடவில்லை. குறட்டை விடுபவர்களுக்கு அதைவிடக் குறைந்த உறிஞ்சலிலேயே மூடிக்கொண்டது. கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கோ உறிஞ்சலே தேவைப்படவில்லை. வளிமண்டல அழுத்தத்திலேயே தொண்டை மூடிக்கொண்டது.

இந்த அளவீட்டை நம் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். மூக்கடைப்பால் தொண்டையில் 5 செ.மீ. உறிஞ்சல் உண்டானால், நலமானவருக்கு இரவில் சிறிது குறட்டை வரும், அவ்வளவுதான். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கோ, மூக்கு திறந்திருக்கும் மாதங்களில் குறட்டையாக மட்டும் இருப்பது, அடைத்த மாதங்களில் மூச்சுத்தடையாகவே மாறிவிடும். ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அது மேலும் கூடும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மூக்கு அடைத்தால் உறங்குபவர் வாயைத் திறக்கிறார். வாய் திறந்ததும் கீழ்த்தாடை பின்னால் இறங்குகிறது. நாக்கும் தொண்டையை நோக்கிச் சரிகிறது. வழி இன்னும் குறுகுகிறது. ‘மூக்கு அடைத்தால் என்ன, வாயால் மூச்சுவிட்டால் போயிற்று’ என்பது விழித்திருப்பவருக்குச் சரி, உறங்குபவருக்குச் சரியன்று.

1982ஆம் ஆண்டில் கனடாவின் டொரன்டோ நகர ஆய்வாளர்கள், பருவகால மூக்கு ஒவ்வாமை உள்ள ஒரு சிறு குழுவினரின் உறக்கத்தை இரண்டு முறை ஆராய்ந்து வெளியிட்டார்கள்: ஒவ்வாமைப் பருவத்தில் ஒரு முறை, அது ஓய்ந்தபின் ஒரு முறை. ஆள் ஒருவரே, பருவம் மட்டுமே வேறு. மூக்கு அடைத்த பருவத்தில் மூச்சுத்தடைகள் அதிகமாகவும் நீண்டும் இருந்தன.

ஒவ்வாமை என்பது என்ன?

ஒவ்வாமைக்கு ‘அலர்ஜி’ என்ற பெயரை 1906ஆம் ஆண்டில் இட்டவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் பிர்கே. நம் உடலின் காவற்படை, தீங்கற்ற ஒரு பொருளைப் பகையென்று தவறாக எண்ணுவதே ஒவ்வாமை. 1960களில் கண்டறியப்பட்ட ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருள் மூக்கின் சவ்விலுள்ள சில செல்களின் மேல் உட்கார்ந்து காத்திருக்கிறது. ஒவ்வாத தூசி வந்து அதில் ஒட்டியதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், நீர் ஒழுகல் எல்லாம் உடனே வரும். இரத்தக் குழாய்கள் விரிந்து சவ்வு வீங்குவதால் சற்று நேரத்தில் அடைப்பும் வரும். காய்ச்சல், உடல்வலியோடு வந்து ஒரு வாரம் பத்து நாளில் போய்விடுவது சளி. அரிப்பும் அடுக்குத் தும்மலுமாகக் காய்ச்சலின்றி வாரக்கணக்கில் நீடித்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் திரும்ப வந்தால் ஒவ்வாமையை நினைக்க வேண்டும்.

மேலைநாடுகளில் இதற்கு வசந்தகாலப் பூந்தாதுவைக் காரணமாகச் சொல்வார்கள். நம் ஊரில் பருவம் வேறு, காரணமும் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர்கள் ஊறிப் பூஞ்சை பூக்கிறது. குழித்தறி வீடுகளில் தறிக்குழிக்குள்ளேயே ஈரம் ஏறுவதை நெசவாளர் அனைவரும் அறிவர். காற்றில் ஈரம் மிகுந்தால் தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசிப்பூச்சிகள் பெருகுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இவற்றின் கழிவே ஒவ்வாமைப் பொருள். முகத்தைப் புதைத்து உறங்கும் தலையணையே இவற்றின் வீடு என்றால் இரவில் மூக்கு அடைப்பதில் வியப்பில்லை.

மழைக்குப்பின் தரிசு நிலங்களில் பார்த்தீனியம் பூக்கிறது. 1950களில் நம் நாட்டில் கண்ணில் பட்டு, பிறகு எங்கும் பரவிய இக்களையின் பூந்தாது பலருக்கு ஒவ்வாது. சீமைக்கருவேலத்தின் பூந்தாதும் அப்படியே. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் தரை விரைவில் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலேயுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், கீழ்க்காற்று மேலெழுவதில்லை. அடுப்புப் புகையும், போகிப் புகையும், சாலைத் தூசியும் தெருவிலேயே தங்கிவிடுகின்றன. புகை ஒவ்வாமைப் பொருள் அன்று. ஆனால் ஏற்கெனவே வீங்கிய சவ்வை அது மேலும் உறுத்தும்.

ஆரணிக்கு இன்னொரு செய்தியும் உண்டு. பட்டிழை இரண்டு புரதங்களால் ஆனது: உள்ளே ஃபைப்ராயின், மேலே பசையாகப் பூசியிருப்பது செரிசின். பட்டுக்கூட்டை அவித்து நூல் எடுக்கும் தொழிலாளர்களிடையே ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் இருப்பதைக் கர்நாடகத்திலும் இலங்கையிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நெசவுக்கு வரும் நூல் பெரும்பாலும் பசை நீக்கியதே. இருந்தாலும் பாவு நூலைத் துடைக்கும்போதும், தறியடியில் சேர்ந்த தும்பைப் பெருக்கும்போதும் தும்மல் வருபவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். விடுமுறை நாளில் குறைந்து, வேலை நாளில் கூடினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி அதுவே.

பத்து செ.மீ. நீர்

தொண்டை உறிஞ்சலால் மூடுகிறது என்றால், உள்ளிருந்து சிறிது அழுத்தம் கொடுத்துத் திறந்து வைக்கலாமே? இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன். காற்று ஊதும் மோட்டார் ஒன்றைக் குழாயோடு இணைத்து, 1980ஆம் ஆண்டில் ஒரு நோயாளியின் மூக்கில் பொருத்தினார். மூச்சுத்தடை நின்றது. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். இன்று சி-பாப் என்று வழங்கும் கருவி இப்படிப் பிறந்ததே.

அது தரும் அழுத்தம் எவ்வளவு என்று அறிய வேண்டுமா? ஒரு நீண்ட டம்ளரில் நீர் நிரப்பி, உறிஞ்சுகுழலின் முனை 10 செ.மீ. ஆழத்தில் இருக்குமாறு பிடித்து ஊதுங்கள். குமிழி வெளிவரும் கணத்தில் உங்கள் வாயிலுள்ள அழுத்தம் 10 செ.மீ. நீர். வளிமண்டல அழுத்தத்தில் இது நூற்றில் ஒரு பங்குதான். பலருக்கு இரவு முழுவதும் தொண்டையைத் திறந்து வைக்க இவ்வளவே போதும். இது தொண்டைக்கு வைத்த காற்று முட்டு.

எங்கள் பெரியப்பாவுக்கும் வேலூரில் உறக்க ஆய்வு செய்து, இக்கருவியைப் பயன்படுத்தச் சொன்னார்கள். சில வாரங்களிலேயே பகல் தூக்கம் நின்றது. பெரியம்மாவுக்குத்தான் முதலில் தூக்கம் வரவில்லை. குறட்டைச் சத்தம் கேட்காததால் அடிக்கடி எழுந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாராம்.

அந்த ஆண்டு மார்கழி வந்தது. ஒரு நாள் மாலை போயிருந்தபோது பெரியப்பா தறியில் நாடாவைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்ந்திருந்தார். கரையில் இழை தப்பி, இரண்டு விரற்கடைத் துணியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. கருவி அலமாரியின் மேல் துணி போர்த்திக் கிடந்தது.

“ஏன் பெரியப்பா கட்டலை?” என்றேன்.

“மூக்கே அடைச்சிக்கினு இருக்குதுப்பா. அதுல காத்து எங்க போவும்? கட்டினா மூச்சு முட்டுது. பனி போவட்டும், தை பொறந்து பாக்கலாம்.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. மூக்கு வழியே ஊதும் கருவிக்கு மூக்கே அடைத்திருந்தால், காற்றழுத்தம் தொண்டையை அடையுமுன் மூக்கிலேயே வீழ்ந்துவிடும். வாய் திறந்தால் மீதியும் கசிந்துவிடும். ஆனால் மற்றப் பாதியைப் பாருங்கள். எந்த மாதத்தில் தொண்டைக்கு முட்டு மிகவும் தேவையோ அந்த மாதத்தில் முட்டை எடுத்துவிட்டார். காலையில் வந்தவாசிச் சாலையில் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கணம் கண் செருகியதாகவும் பிறகு ஒப்புக்கொண்டார். இழையைப் பிரித்து மறுபடி நெய்யலாம். சாலையில் அது முடியாது.

மருத்துவர் கருவியை மாற்றவில்லை, மூக்கைத் திறந்தார். பத்து நாளில் பெரியப்பா மீண்டும் கருவியைக் கட்டிக்கொண்டு உறங்கினார்.

மூக்கைத் திறக்கும் வழிகள்

முதலாவது, உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல். கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு போதும். நம் உடல் நீரின் செறிவும் ஏறத்தாழ இதுவே, ஆகையால் எரியாது. நீரைக் கட்டாயம் கொதிக்க வைத்து ஆறவிட்டே பயன்படுத்த வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் கூடா. கேரளத்தில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் உயிரிழப்புகள் நேர்ந்ததை மறக்கலாகாது. அத்தகைய அமீபா மூக்கு வழியாகவே மூளைக்கு ஏறும்.

இரண்டாவது, மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான். இது வீக்கத்தையே தணிப்பது. ஆனால் இன்று அடித்தால் இன்றே முழுப்பயன் தராது. ஒன்றிரண்டு வாரம் நாள்தோறும் பயன்படுத்த வேண்டும். ஆகவே மார்கழியில் தொல்லை வருபவர் கார்த்திகையிலேயே மருத்துவரைக் கண்டு தொடங்குவது நலம். முனையை மூக்கின் நடுச்சுவர் நோக்கி வைக்காமல் சற்றே வெளிப்புறமாகச் சாய்த்து அடிக்க வேண்டும்.

மூன்றாவது, ஓர் எச்சரிக்கை. மருந்துக்கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து சில நிமிடங்களிலேயே மூக்கைத் திறந்துவிடும். அதனாலேயே மக்கள் அதை விடுவதில்லை. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் அடங்கியதும் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். பிறகு மருந்துக்காக அடைப்பா, அடைப்புக்காக மருந்தா என்ற நிலை வந்துவிடும்.

நான்காவது, இன்னொரு எச்சரிக்கை. சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமைன் போன்ற, தூக்கத்தை உண்டாக்கும் பழைய ஒவ்வாமை மருந்து சேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே பகலில் தூங்கி விழுபவருக்கு அது மேலும் தூக்கத்தைக் கூட்டும். அதே மாத்திரையிலுள்ள அடைப்பு நீக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். மூச்சுத்தடை உள்ளவர்களில் பலருக்கு இரத்த அழுத்தம் ஏற்கெனவே கூடுதல். தூக்கம் குறைவாகத் தரும் ஃபெக்சோபெனடின் போன்ற மருந்துகள் இன்று உள்ளன. ‘எனக்கு உறக்க மூச்சுத்தடை இருக்கிறது’ என்று மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் தவறாமல் சொல்ல வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையைத் தளர்த்துவன. இந்நோயாளிகளுக்கு அவை பகை.

ஐந்தாவது, படுக்கை. தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரம் ஒரு முறை நல்ல வெந்நீரில் துவைத்துக் கடும் வெயிலில் காயவிடுங்கள். தறியடித் தும்பைப் பெருக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைப்பது இன்னும் நல்லது. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். படுத்தால் மூக்குச் சவ்வில் இரத்தம் தேங்கி அடைப்பு கூடும், உயர்த்தினால் குறையும்.

சி-பாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில சொற்கள். ஒவ்வாமைப் பருவத்தில் கருவியின் காற்று வடிகட்டியை அடிக்கடி பாருங்கள், அழுக்கேறினால் மாற்றுங்கள். முகமூடியையும் குழாயையும் மென்சோப்பு நீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். காற்றைச் சூடாக்கி ஈரமூட்டும் பகுதி இருந்தால் பனிக்காலத்தில் அதைப் பயன்படுத்துங்கள். வறண்ட குளிர்காற்று மூக்கை மேலும் வீங்கச் செய்யும். அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். மூக்கு திறக்கும்வரை, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடி பொருந்துமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கருவியை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஓர் ஐயம்

மூக்கைத் திறந்துவிட்டால் நோயே போய்விடுமா? பெரும்பாலோருக்குப் போகாது. அயர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மூக்கு அழற்சியும் மூச்சுத்தடையும் சேர்ந்து உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு தெளிப்பான் கொடுத்தபோது மூச்சுத்தடைகள் குறைந்தன, மறையவில்லை. நம் கணக்கும் அதையே சொல்கிறது. வளிமண்டல அழுத்தத்திலேயே மூடும் தொண்டைக்கு, மூக்கு எவ்வளவு திறந்திருந்தாலும் உள்ளிருந்து ஒரு முட்டு வேண்டும். மூக்கு மருந்து கருவிக்கு மாற்றன்று. கருவி தன் வேலையைச் செய்ய வழி திறந்துவிடும் துணை. உடல் எடை கூடியவர்கள் அதைக் குறைத்தால் தொண்டையின் தளர்ச்சியே குறையும். எடை இயல்பாக இருப்பவர்களுக்கும் தாடை, தொண்டை அமைப்பால் இந்நோய் வரலாம் என்பதையும் நினைவில் கொள்க.

வாசகர்களே, உங்கள் வீட்டில் யாரேனும் உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மௌனமாகி, பிறகு செருமி எழுகிறார்களா? பகலில் தறியிலோ பேருந்திலோ பேச்சின் நடுவிலோ கண்ணயர்கிறார்களா? உறங்குபவருக்குத் தம் நோய் தெரியாது. பக்கத்தில் விழித்திருப்பவருக்குத்தான் தெரியும். ஓர் இரவு கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்த மௌனத்தின் விநாடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் கூடுகிறது என்றும் குறியுங்கள். அந்தத் தாளோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நாங்களும் திண்ணையில் படுத்து எண்ணினோம். எண்ணியது எதை என்று தெரியாததால் சிரித்தோம். நீங்கள் தெரிந்துகொண்டீர்கள்.